மூன்று கால் படகும் வட்டப்பாறைச் சத்தியமும்

பீரோவின் மேல் துணி சுற்றி வைத்திருக்கும் படகைத் தண்ணீரில் விடக் கூடாது என்று உங்கள் தாத்தா ஏன் சத்தம் போடுகிறார் என்று நீங்கள் மூன்று பேரும் கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். போன விடுமுறையில் சின்னவன் அதை வாளியில் இறக்கப் போனபோது தாத்தா எச்சில் கையோடு ஓடிவந்து பிடுங்கிக்கொண்டார். வயதான காலத்தில் அவருக்குப் பொம்மை மேல் ஆசை என்று நீங்கள் சிரித்தீர்கள். விஷயம் அதுவல்ல. அந்தப் படகால்தான் எனக்கும் உங்கள் அம்மாவுக்கும் கல்யாணம் நடந்தது. நான் எட்டாவது வரை படித்தவன். எழுத்தில் பிழை இருந்தால் பெரியவள் திருத்திக்கொள்ளட்டும். நடந்ததில் பிழை இல்லை.

அப்போது நான் திண்டிவனத்தில் ஓர் அரிசி மில்லில் பிட்டராக இருந்தேன். நயா பைசா வந்து நாலைந்து வருஷம் ஆகியிருக்கும். விழுப்புரத்தில் ஒரு பெண் இருப்பதாக என் தாய்மாமன் சொன்னார். பெண்ணின் அப்பா, அதாவது உங்கள் தாத்தா, ரயிலடியில் பாயிண்ட்ஸ்மேன். தண்டவாளத்தைத் திருப்பிவிட்டு, ரயிலை இந்தப் பாதைக்கா அந்தப் பாதைக்கா என்று அனுப்புகிற வேலை. தண்டவாளம் சரியாக ஒட்டியிருக்கிறதா என்று குனிந்து கண்ணால் பார்க்காமல் கொடி காட்டக் கூடாது. அந்தப் பழக்கத்தை அவர் வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டார். பால்காரர் பசும்பால் என்று சொன்னால் பசுவைக் கொண்டுவந்து காட்டச் சொல்வார்.

கார்த்திகை மாதத்தில் பெண் பார்க்கப் போனோம். திண்டிவனம் ரயிலடியில் மாமா ஒரு பொட்டலம் மல்லாட்டைக் கடலை வாங்கினார். தின்று முடித்ததும் பொட்டலக் காகிதத்தைப் பிரித்துப் படித்தேன். எழுத்து உள்ள காகிதத்தைப் படிக்காமல் எறிய எனக்கு இன்றைக்கும் மனம் வராது. ஏதோ பத்திரிகையின் கிழிசல் அது. அதில் ஒரு படகின் படம். படகுக்குக் கீழே கால்கள் இருந்தன. கால் மட்டும் தண்ணீரில், உடம்பு முழுதும் காற்றில். வேகம் பிடித்ததும் இது தண்ணீரை விட்டு எழும்பி ஓடும் என்று ஒரு வரி போட்டிருந்தது. அதற்கு மேல் படிக்க முடியவில்லை. மல்லாட்டைக்கு முன்னால் அந்தக் காகிதத்தில் யாரோ வடை மடித்திருக்கிறார்கள். கால்களும் அவற்றின் அடியில் சாய்ந்த இறக்கைகளும் மங்கலாகத் தெரிந்தன, படகின் மற்ற அடிப்பாகம் முழுக்க எண்ணெய்க் கறை.

விழுப்புரத்தில் பஜ்ஜியும் கேசரியும் வந்தன. உங்கள் அம்மா காபித் தட்டோடு வந்தாள், குனிந்த தலை நிமிராமல் திரும்பிப் போனாள். நான் பார்த்தது வகிடும் வளையலும்தான். அதன் பிறகு பேச்சு நின்றுவிட்டது. கூடத்தில் அத்தனை பேரும் என்னையே பார்த்தார்கள். மாப்பிள்ளை ஏதாவது பேச வேண்டும் போலிருக்கிறது என்று எனக்குப் பட்டது. கைவசம் இருந்த ஒரே புதுச் செய்தி அந்தக் காகிதத்துச் செய்தி. சீமையில் ஒரு படகு இருக்கிறது, தண்ணீரில் உடம்பு படாமல் கால் மேல் நின்றுகொண்டு ஓடும் என்று சொல்லிவிட்டேன்.

தாத்தா கடித்த பஜ்ஜியைத் தட்டில் வைத்தார்.

“நீங்க பாத்தீங்களா தம்பி?”

“படத்துல பாத்தங்க.”

“படத்துல அனுமாரு மலையத் தூக்கிக்கினு பறக்கறாரு. நான் கேக்கறது கண்ணால.”

தாத்தாவின் தங்கை பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். நீங்கள் வளவனூர்ப் பாட்டி என்று கூப்பிடுகிறீர்களே, அவர்தான். அவருக்கு ஒரு மகன் உண்டு. அண்ணன் மகளைத் தன் மகனுக்குக் கட்டிக்கொள்ள முறை இருக்கும்போது அண்ணன் வெளியூரிலிருந்து மாப்பிள்ளை வரவழைத்துப் பஜ்ஜி போடுகிறாரே என்று அவருக்கு வயிற்றெரிச்சல். இன்றைக்குத் தண்ணியத் தொடாமல் படகு ஓடும் என்பார், நாளைக்குச் சோத்தைத் தொடாமல் சாப்பிட்டேன் என்பார் என்று கூடத்துக்கே கேட்கும்படி சொன்னார்.

அப்போது உள்ளே கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

“அடியில எது தள்ளுது?”

உங்கள் அம்மா என்னிடம் பேசிய முதல் பேச்சு அதுதான். நான் எழுந்து நின்று பதில் சொன்னேன். ஏன் எழுந்தேன் என்று தெரியவில்லை.

“அந்த எடத்துல எண்ணெ பட்டுட்சுங்க.”

எல்லோரும் சிரித்தார்கள். அவர்கள் சிரித்தது என் தாய்மாமனுக்குப் பொறுக்கவில்லை. எங்கள் பையன் சும்மா சொல்லவில்லை, அவனே ஒன்று செய்துகொண்டிருக்கிறான், பாதி முடிந்து வீட்டில் கிடக்கிறது என்று அடித்துவிட்டார். நான் அதுவரை செய்திருந்தது காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்ததுதான்.

தாத்தா மாமாவின் பக்கம் திரும்பினார்.

“அப்ப அதக் காட்டட்டும். தண்ணிக்கு மேல எழும்பி ஓடறதப் பாத்துட்டு தட்டு மாத்திக்கலாம். இல்லேன்னா வேணாம். இதுல பொய் சொல்றவன் சம்பளத்துலயும் சொல்லுவான்.”

தை முடிவதற்குள் எழும்பாவிட்டால் என் மகன் இருக்கான் என்று வளவனூர்ப் பாட்டி அங்கேயே சொல்லிவைத்தார். மார்கழியில் யாரும் கல்யாணப் பேச்சு எடுக்க மாட்டார்கள் என்பதால் எனக்கு ஒரு மாதம் கூடுதலாகக் கிடைத்தது.

படகுக்கு உடம்பு செய்வது கஷ்டமாக இல்லை. கல்யாண முருங்கை மரம் எடை குறைவு. இரண்டு முழ நீளத்துக்குச் செதுக்கி உள்ளே குடைந்தேன். மண்ணெண்ணெய்த் தகரத்தை வெட்டி மூன்று கால் வைத்தேன். ஒவ்வொரு காலின் அடியிலும், படத்தில் இருந்தது போலவே, சாய்வாக ஒரு தகர இறக்கை. படத்தைப் பார்த்துப் பார்த்து அச்சாகச் செய்தேன். மீதி இருந்தது உங்கள் அம்மா கேட்ட கேள்விதான். அடியில் எது தள்ளுவது?

பள்ளியில் படிக்கும்போது காகிதப் படகின் வாலில் கற்பூரத் துண்டு வைத்து ஓடவிட்டிருக்கிறேன். அதையே முதலில் வைத்தேன். மில்லில் நெல் ஊறப்போடும் சிமெண்டுத் தொட்டி இருந்தது. முப்பதடி நீளம். சாப்பாட்டு வேளையில் படகை அதில் விட்டேன். நல்ல தண்ணீரில்தான் கற்பூரம் ஓடும். எங்கள் தொட்டியில் எந்நேரமும் மெல்லிசாக இஞ்சின் எண்ணெய் மிதக்கும். படகு சாமி கும்பிடுவது போல ஒருமுறை தன்னைத்தானே சுற்றிக்கொண்டு நின்றுவிட்டது. மூன்று கட்டி கற்பூரம் வைத்தும் நகரவில்லை. மில் முழுக்கக் கோயில் வாசனை அடித்தது.

அடுத்து தீபாவளிக்கு வாங்கி மிச்சமான ராக்கெட். பாய்லர்க்காரர் என் கூட்டாளி. அவர்தான் பற்றவைத்தார். ராக்கெட் எழும்பிவிட்டது. படகுதான் எழும்பவில்லை. வாலில் ஒரு விரற்கடை மரத்தைப் பெயர்த்துக்கொண்டு ராக்கெட் மட்டும் போய் உமி மேட்டில் இறங்கியது. உமி இரண்டு நாள் புகைந்தது. படகு செய், கப்பல் செய், நெருப்பு மட்டும் வேண்டாம் என்று முதலாளி கும்பிட்டுக் கேட்டுக்கொண்டார்.

அதற்குப் பிறகு நடந்ததைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. உயிருள்ளது எதையாவது கட்டினால்தான் இது ஓடும் என்று பாய்லர்க்காரர் சொன்னார். சந்தையிலிருந்து இரண்டு விரால் மீன் வாங்கிவந்து காலில் கட்டினோம். விரால் படகோடு போகவில்லை, படகு விராலோடு போனது. தொட்டியின் அடியில் நெல்லுக்குள் புதைந்திருந்த படகை நான் மூச்சடக்கி முங்கி எடுத்தேன். விராலைப் பாய்லர்க்காரர் வீட்டுக்கு எடுத்துப்போனார். அவர் முதலிலிருந்தே அந்த எண்ணத்தில்தான் இருந்தார் என்று இப்போது தோன்றுகிறது.

கடைசியில் என் சைக்கிள்தான் கைகொடுத்தது. பஞ்சர் ஒட்டும்போது பழைய ட்யூபிலிருந்து ஒரு நீளத் துண்டு வெட்டி, ஏதோ யோசனையில் முறுக்கிக்கொண்டே இருந்தேன். விட்டதும் அது கையில் பாம்பு மாதிரி துள்ளியது. எட்டுத் துண்டு வெட்டினேன். படகின் குடைவுக்குள் முன் கொக்கியிலிருந்து பின் கொக்கிவரை பூட்டி, விளக்கெண்ணெய் தடவினேன். பின் கொக்கி சைக்கிள் சக்கரத்துக் கம்பி. அது பழைய பேனாக் குழாய் வழியாக வெளியே வரும். உராயாமல் சுழல ஒரு பாசிமணி கோத்தேன். கம்பியின் முனையில், முதலாளி அறை மின்விசிறியைப் பார்த்து வெட்டிய மூன்று இலைத் தகர விசிறி. விசிறியை விரலால் நூற்றைம்பது சுற்றுச் சுற்றிவிட்டால் ரப்பர் முறுக்கேறும். விட்டால் விசிறி தண்ணீரைப் பின்னால் தள்ளும், படகு முன்னால் போகும்.

போனது. ஆனால் வேகம் பிடித்தவுடன் மூக்கை நுழைத்துக்கொண்டு முழுகியது. பலம் போதவில்லை என்று இன்னும் நான்கு துண்டு ரப்பர் சேர்த்தேன். இன்னும் வேகமாக முழுகியது. தை பிறந்து, பெண் வீட்டார் வரும் நாளும் குறித்தாயிற்று. படகு ஒரு தடவைகூட எழும்பவில்லை. மாமாவிடம் சொன்னேன். நல்ல நேரத்தில் விட்டால் எழும்பும் என்றார்.

அது ஒரு வெள்ளிக்கிழமை. மில்லுக்கு விடுமுறை. வெள்ளிக்கிழமை பத்தரையிலிருந்து பன்னிரண்டு வரை ராகு காலம். விழுப்புரத்து ரயில் பத்து மணிக்கு வரவேண்டியது, வரவில்லை. ராகு காலத்துக்கு முன்பே காரியத்தைத் தொடங்கிவிட வேண்டும், முறுக்கி வைத்துவிடு என்று மாமா நச்சரித்தார். பத்தே கால் மணிக்கு நூற்றைம்பது சுற்று முறுக்கி, விசிறியில் ஒரு குச்சியைச் செருகி நிறுத்தினேன். அவர்கள் வந்து சேர்ந்தபோது பத்தே முக்கால். இனிப் பன்னிரண்டுக்கு மேல்தான் விட முடியும். ரப்பரைத் தளர்த்திவிட்டு அப்புறம் முறுக்கிக்கொள்கிறேன் என்றேன். தொடங்கிய நல்ல காரியத்தை அவிழ்க்கக் கூடாது என்று மாமா கையைப் பிடித்துக்கொண்டார்.

ஆகவே ஒன்றே கால் மணி நேரம் படகு பார்க்கும் சடங்கு நடந்தது. வந்தவர்கள் தாத்தா, வளவனூர்ப் பாட்டி, இன்னும் இரண்டு உறவுக்காரர்கள்; எங்கள் பக்கம் மாமா, நான், பாய்லர்க்காரர். நெல் உலர்த்தும் களத்தில் பாய் விரித்திருந்தோம். பஜ்ஜியும் கேசரியும் இந்தத் தடவை எங்கள் செலவு. மாமா படகைப் பித்தளைத் தட்டில் வைத்து, குங்குமம் இட்டு, ஒரு முழம் கதம்பம் சுற்றித் தூக்கிவந்து நடுவில் வைத்தார். பெண்ணைப் பார்ப்பது போலவே எல்லோரும் பார்த்தார்கள்.

“எத்தினி காலு?” என்றார் வளவனூர்ப் பாட்டி.

“மூணுங்க.”

“நாலாவது?”

“அதுக்கு மூணுதாங்க.”

“ஊனமானதையா காட்டறாங்க?” என்று அவர் தாத்தாவிடம் சொன்னார்.

தாத்தா மண்டியிட்டு, தலையைத் தரையோடு வைத்து, மூன்று காலும் நேராக ஒட்டியிருக்கிறதா என்று தண்டவாளத்தைப் பார்ப்பது போல ஒற்றைக் கண்ணால் பார்த்தார்.

பன்னிரண்டு அடித்ததும் கதம்பத்தை எடுத்துவிட்டுப் படகைத் தொட்டியில் வைத்துக் குச்சியை உருவினேன். முறுக்கிய ரப்பரை அத்தனை நேரம் அப்படியே வைத்திருந்தால் அதன் உயிர் போய்விடும் என்று எனக்கு அப்போது தெரியாது. விசிறி நாலு சுற்று நாட்டியம் ஆடியது. படகு தெப்பம் மாதிரி நிதானமாக மிதந்துபோய் எதிர்க்கோடிச் சுவரில் மூக்கை வைத்துக்கொண்டு நின்றது. எழும்பவில்லை, முழுகவுமில்லை. வளவனூர்ப் பாட்டி புடவைத் தலைப்பை உதறிக்கொண்டு எழுந்தார். ரயில் எத்தனை மணிக்கு என்று கேட்டார்.

என் மாமா ஒரு விரற்கடை எழும்பியது, யாரும் கவனிக்கவில்லை என்று தொடங்கினார். நான் எழும்பவில்லை என்றேன். மாமா என் காலை மிதித்தார். முறுக்கு தளர்ந்துவிட்டது, இன்னொரு தடவை முறுக்கிப் பார்க்கலாம் என்றேன்.

தாத்தா என்னை ஏற இறங்கப் பார்த்தார். “நீங்க தொட வேணாம். நானே முறுக்கறன். அப்ப தெரியும் உண்ம” என்று சொல்லி, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எதிர்க்கோடிக்குப் போனார். படகு மூக்கை அவர் பக்கம் வைத்து நின்றது. விசிறி அந்தப் பக்கம், வாலில். படகைத் திருப்பி எடுத்து முறுக்க வேண்டும் என்று நாங்கள் இங்கிருந்து சொல்வதற்குள், அவர் சுவர் மேல் வயிற்றை வைத்துப் படுத்து, படகுக்கு மேலே கையை நீட்டி, எதிர்ப்புறமிருந்தே விசிறியைச் சுற்ற ஆரம்பித்துவிட்டார். நான் பின்னாலிருந்து வலப்பக்கமாகச் சுற்றுவேன். அவரும் வலப்பக்கமாகத்தான் சுற்றினார். எதிரே இருந்து சுற்றினால் அது நேர்மாறான முறுக்கு. ஒவ்வொரு சுற்றையும் வாய்விட்டு எண்ணினார். நூற்றெண்பது வரை எண்ணியது எனக்குக் கேட்டது. அவ்வளவு முறுக்கு நான் வைத்ததே இல்லை.

அவர் கைக்கு வேர்த்திருக்க வேண்டும். விரல் வழுக்கியது. விசிறி சுழன்றது. படகு அவர் கையை விட்டு, வாலை முன்னால் வைத்து, பின்புறமாக எங்களை நோக்கிப் பாய்ந்தது. அதைப் பிடிக்க எட்டிய தாத்தா தலைகுப்புறத் தொட்டிக்குள் விழுந்தார்.

பிள்ளைகளே, அப்போதுதான் அது எழும்பியது. தொட்டியின் நடுவில், நான்கு விரற்கடை உயரத்துக்கு, மூன்று காலில் நின்றுகொண்டு, பின்பக்கமாக வந்தது. உடம்பிலிருந்து தண்ணீர் சொட்டியது தெரிந்தது. அடியில் வெளிச்சம் தெரிந்தது. பத்தடி அப்படியே வந்து, எங்கள் பக்கத்துச் சுவரில் மோதி, விசிறி நசுங்கி விழுந்தது. அந்த நேரம் முழுவதும் உங்கள் தாத்தா தண்ணீருக்கு அடியில் இருந்தார்.

நெல் ஊறிய தண்ணீரின் நாற்றம் உங்களுக்குத் தெரியாது. பாய்லர்க்காரரும் நானும் அவரைத் தூக்கி நிறுத்தினோம். மீசையில் நெல் ஒட்டியிருந்தது. அவர் கேட்ட முதல் கேள்வி, “எழும்புச்சா?”

எல்லோரும் ஒரே குரலில் எழும்பியது என்றோம். மறுபடி காட்டச் சொன்னார். விசிறி நசுங்கிவிட்டது, ரப்பரும் அறுந்திருந்தது. அவர் அப்படியே களத்தில் உட்கார்ந்துவிட்டார். ஆயுசு முழுக்கக் கண்ணால் பார்த்ததை மட்டுமே நம்பியவர் அவர். பார்க்க வேண்டிய ஒன்றை, பார்க்கவென்றே ரயிலேறி வந்து, அவர் ஒருவர் மட்டும் பார்க்கவில்லை. என் தலைத்துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டே ஒரு முடிவு சொன்னார். பார்த்தவர்கள் திருவாமாத்தூர்க் கோயிலுக்கு வரட்டும், வட்டப்பாறையில் கைவைத்துச் சொல்லட்டும்.

வட்டப்பாறையைப் பற்றி உங்களுக்குச் சொல்லியிருக்கிறேன். அங்கே பொய்ச் சத்தியம் செய்தவனைப் பாம்பு கடித்தது என்பது நம் பக்கத்தில் குழந்தைக்கும் தெரிந்த கதை. வரப்புத் தகராறு, பங்காளிச் சண்டை என்று பெரிய வழக்குகளுக்குத்தான் அங்கே போவார்கள். இரண்டு முழப் படகு எழும்பியதா இல்லையா என்று கேட்க அடுத்த திங்கட்கிழமை நாங்கள் ஆறு பேர் போனோம்.

என் மாமா களத்தில் இருபதடி என்றார். விழுப்புரத்தில் இறங்கும்போது பத்தடி என்றார். வண்டிமாடு திருவாமாத்தூர் எல்லையைத் தாண்டியதும், எழும்பியது நிஜம், அடிக்கணக்கு எதற்கு என்றார். பாறைக்கு முன்னால் வந்தபோது, அந்த நேரத்தில் கண்ணில் உமி விழுந்திருந்ததாக ஞாபகம் வருகிறது என்று சொல்லி ஒதுங்கிக்கொண்டார். பாய்லர்க்காரர் வரவே இல்லை. விரால் விஷயமும் அங்கே கேட்பார்களோ என்று பயந்தாராம். என் சத்தியம் செல்லாது, நான் மாப்பிள்ளை. மற்ற இரண்டு உறவுக்காரர்களும், நீங்கள் முதலில் சொல்லுங்கள் என்று ஒருவரையொருவர் உபசரித்துக்கொண்டு நின்றார்கள்.

மிச்சம் இருந்தது வளவனூர்ப் பாட்டி. அவர் ஒரு வார்த்தை இல்லை என்று சொல்லிவிட்டால் போதும். பெண் அவர் மகனுக்கு. தாத்தா அவரைக் கேட்கவே இல்லை. அவர் என்ன சொல்வார் என்று எல்லோருக்கும் தெரியும் என்பது போல முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தார். பாட்டி தானாகவே முன்னால் வந்து, வளையலை மேலே ஏற்றிவிட்டுக்கொண்டு, பாறையில் கையை வைத்தார்.

“எழும்புச்சுண்ணா. நாலு வெரக்கட. பின்னாலயே வந்துச்சு. அடியில அந்தாண்ட சுவரு தெரிஞ்சுச்சு. என் வயிறு எரியுது, அது வேற விஷயம்.”

கையை எடுத்து முந்தானையில் துடைத்துக்கொண்டார். தாத்தா தங்கையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கோயில் வாசலிலேயே வெற்றிலை பாக்கு வாங்கி மாமா கையில் கொடுத்தார். மாசியில் கல்யாணம். வளவனூர்ப் பாட்டியின் மகன்தான் பந்தியில் நின்று பரிமாறினான்.

கல்யாணமான மறுவாரம் உங்கள் அம்மா அந்தக் காகிதத்தைக் கேட்டாள். ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்தாள். எண்ணெய் பட்ட காகிதம் வெளிச்சத்தில் கண்ணாடி மாதிரி தெரியும் என்பது எனக்கு மூன்று மாதமாகத் தோன்றவில்லை.

“நுரை இந்தப் பக்கம் கெடக்குது பாருங்க. அப்ப மூஞ்சி அந்தப் பக்கம். நீங்க வாலத்தான் மூக்குன்னு நெனச்சிக்கினு செஞ்சிருக்கீங்க.”

சாய்வு இறக்கைகளை நான் பின்முன்னாக வைத்திருந்தேன். முன்னால் ஓடினால் அவை படகைத் தண்ணீருக்குள் அமுக்கும். தாத்தா தப்பாக முறுக்கியதால்தான் அது சரியாக ஓடியது. கறைக்குள் விசிறியும் தெரிந்தது. என்னுடையது மாதிரியேதான் இருந்தது.

அன்றே புது விசிறியும் புது ரப்பரும் வெட்டிப் பூட்டினேன். பின்முன் தெரிந்துவிட்டது, இனி எத்தனை தடவை வேண்டுமானாலும் எழும்பும், வந்து கண்ணாரப் பாருங்கள் என்று சொல்ல விழுப்புரத்துக்குப் படகோடு போனேன். தாத்தா அதை என் கையிலிருந்து வாங்கித் துணியில் சுற்றினார். எழும்பினால் சரி. ஏதோ கோளாறில் எழும்பாமல் போனால் சத்தியம் பொய்யாகிவிடாதா? பாறையில் கைவைத்தவள் தன் தங்கை, அவள் வீடு கரும்புத் தோட்டத்து நடுவில், பாம்புக்குப் பஞ்சமில்லாத இடம் என்றார். அவர் எங்களோடு வந்து தங்கியபோது படகையும் கொண்டுவந்து பீரோ மேல் வைத்தார்.

உங்களுக்கு ஆசை இருப்பது தெரியும். எனக்கும் இருக்கிறது. ராத்தூக்கத்தில்கூட அவர் அந்தப் பீரோ பக்கமாகத்தான் ஒருக்களித்துப் படுக்கிறார். வளவனூர்ப் பாட்டி நல்ல ஆரோக்கியமாக இருக்கிறார். போன பொங்கலுக்கு வந்தபோது அவரே பீரோவை அண்ணாந்து பார்த்து, “ஒருக்கா வுட்டுப் பாக்கலாமாண்ணா?” என்று கேட்டார். தாத்தா எழுந்துபோய்ப் படகுக்கு இன்னொரு துணி சுற்றினார்.